டெல்லி வரை பேண்ட்ரி கார் சாப்பாட்டை நம்பலாமா?

சைடுலோயர்_63
எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் அப்பாவை அழைத்துக்கொண்டு சென்ட்ரலில் இருந்து டெல்லி போகிறேன். தம்பி அங்கே வீடு வாங்கியிருக்கிறான், கிரகப்பிரவேசம். விமானத்தில் போகலாம் என்றால் அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. “ஜன்னல் திறக்காத வண்டியில் ஏறமாட்டேன்” என்று ஒரே பிடிவாதம். ஏசி பெட்டியிலும் ஜன்னல் திறக்காது என்பதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

கவலை சாப்பாட்டைப் பற்றித்தான். அவருக்கு 72 வயது, இருபது வருடமாகச் சர்க்கரை, காலையும் இரவும் இன்சுலின். ராத்திரி வண்டி என்பதால் வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஏறிவிடுவோம். மறுநாள் மூன்று வேளையும் வண்டிக்குள். அதற்கு அடுத்த நாள் காலையில் இறங்கிவிடுவோம். நான் இவ்வளவு தூரம் ரயிலில் போய்ப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. வண்டியிலேயே சாப்பாடு கொடுக்கிற பேண்ட்ரி கார் இப்போது எப்படி? நம்பிப் போகலாமா, மூட்டை கட்டிக்கொண்டு போவதா?

டிபன்கேரியர்
புளிச்சோறு. மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. தயிர்ச் சோறு வேண்டாம், வாரங்கல் தாண்டுவதற்குள் புளித்துவிடும். இழையை மூடிவிடலாம்.

பேசின்பிரிட்ஜ்_யார்டு
மூடவேண்டாம், சர்க்கரைக்காரருக்கு மூன்று வேளையும் புளிச்சோறா?

சார், முதலில் விலையைத் தெரிந்துகொண்டு ஏறுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேதான். சாதாரண மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளில் சைவக் காலை உணவு 40 ரூபாய், ஆம்லெட் வகை 50. சைவச் சாப்பாடு வண்டியில் 80, பிளாட்பாரத்தில் 70. முட்டைக் குழம்புச் சாப்பாடு 90, கோழி 130. டீ, காப்பி 10. ஜிஎஸ்டி எல்லாம் இதற்குள் அடக்கம். ஒரு லிட்டர் ரயில் நீர் 15 ஆக இருந்தது, 2025 செப்டம்பரில் 14 ஆக்கினார்கள்.

அந்த 80 ரூபாய் சாப்பாட்டுக்கு எடையும் உண்டு. சாதம் 150 கிராம், பருப்போ சாம்பாரோ 150 கிராம், காய் 100, தயிர் 80, இரண்டு பரோட்டா அல்லது நாலு ரொட்டி, ஊறுகாய் 12 கிராம். ஊறுகாய்க்குக் கூட எடை போட்டு வைத்திருக்கிறார்கள். பில் தராவிட்டால் சாப்பாடு இலவசம் என்பதும் ரயில்வே சொன்னதுதான்.

வால்டாக்ஸ்_வாசி
பில் கேட்டால் என்ன நடக்கும் என்று நான் சொல்கிறேன். போன தீபாவளிக்கு முன்னால் வடக்கே இருந்து வந்த ஒரு வண்டியில் இரண்டு சாப்பாடு வாங்கினேன். 240 கேட்டான். 160தானே என்றேன். “அது ஸ்டாண்டர்டு சார், தீர்ந்துபோச்சு, இது ஸ்பெஷல்.” பில்? “மெஷின் சார்ஜில் இருக்கு.” ராத்திரி வரைக்கும் அந்த மெஷின் சார்ஜ் ஏறவே இல்லை. தட்டைத் திறந்தால் பருப்பில் பருப்பு எங்கே என்று துழாவ வேண்டும். அந்த வண்டி எது, நடத்தும் கம்பெனி எது என்றால்...

மன்ற நடத்துநர்
வால்டாக்ஸ், பெயரை நீக்கியிருக்கிறேன். சொந்தக் குறைகளை எழுதும்போது வண்டிப் பெயர், ஒப்பந்தக்காரர் பெயர் வேண்டாம் என்பது இங்கே பழைய விதி. அதற்கு ரயில்வேயின் புகார் எண் 139 இருக்கிறது.

வால்டாக்ஸ்_வாசி
சரி, சரி. மெஷின் பெயரையாவது போடலாமா?

மெயில்வண்டி_1968
பேண்ட்ரி கார் என்ற சொல்லைப் பார்த்ததும் எழுத வந்தேன். கேள்விக்கு நேரடிப் பதில் இல்லை, பொறுத்துக்கொள்ளவும்.

என் தகப்பனார் காலத்தில் அது டைனிங் கார். உட்கார்ந்து சாப்பிட மேசை, துணி விரிப்பு, பீங்கான் தட்டு. தெற்கே ரயில்வே சாப்பாட்டு வியாபாரம் நம் மவுண்ட் ரோடு ஸ்பென்சர் கம்பெனியிடம் இருந்தது, வடக்கே கெல்னர். பெட்டிக்குப் பெட்டி உள்ளேயே நடந்துபோகும் வழி அப்போது எல்லா வண்டிகளிலும் கிடையாது. ஒரு ஸ்டேஷனில் இறங்கி டைனிங் காரில் ஏறவேண்டும். சாப்பிட்டு முடித்தாலும் அடுத்த ஸ்டேஷன் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். டெல்லி போகிற ஜிடி எக்ஸ்பிரஸ் 1929இல் ஓடத் தொடங்கியபோது பெஷாவர் வரைக்கும் வண்டி. எத்தனை வேளைச் சாப்பாடு என்று எண்ணிப் பாருங்கள்! இப்போது இருப்பது சமையலறைப் பெட்டி மட்டும். நாம் உட்கார்ந்த இடத்துக்கு ஃபாயில் டப்பா வருகிறது. ஒரு கலாசாரமே போய்விட்டது.

கூடூர்_எலுமிச்சை
ஐயா, அந்த மேசைத் துணி யாருக்கு விரித்தது என்பதையும் எழுதியிருக்கலாம். வெள்ளைக்காரருக்கும் முதல் வகுப்புக்காரருக்கும்தான். நம் பக்கத்து ரயில் நிலையங்களில் சாப்பிடும் இடத்தையே பிராமணருக்குத் தனி, மற்றவருக்குத் தனி என்று தடுத்து வைத்திருந்தார்கள். பெரியார் விடாமல் பேசியும் எழுதியும் 1941இல்தான் அது போனது. என் பாட்டனார் மூன்றாம் வகுப்பில் போனவர். அவருக்கு ரயில் சாப்பாடு என்றால் ஜன்னல் வழியாக வாங்கிய பொட்டலம். அந்தப் பொட்டலம் இன்றைய ஃபாயில் டப்பாவை விட நன்றாக இருந்திருக்கும், அது வேறு.

மெயில்வண்டி_1968
ஒப்புக்கொள்கிறேன் தம்பி. என் தகப்பனாரும் அந்த டைனிங் காரில் சாப்பிட்டவர் இல்லை, எட்டிப் பார்த்தவர்தான். அவர் வர்ணித்ததைக் கேட்டுக் கேட்டு எனக்கு நானே சாப்பிட்ட மாதிரி ஆகிவிட்டது.

பெரம்பூர்_வெல்டர்
பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை ஐசிஎஃபில் 31 வருடம். பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லலாம்.

பழைய நீலப் பேண்ட்ரி காரில் கேஸ் அடுப்பு. சிலிண்டர், எண்ணெய்ச் சட்டி, ஆடுகிற பெட்டி. நினைத்துப் பார்த்தால் இத்தனை வருடம் பெரிதாக ஒன்றும் ஆகாமல் ஓடியதே ஆச்சரியம். இப்போது வருகிற எல்எச்பி என்ற புது வகைப் பெட்டியில் நெருப்பே இல்லாத சமையல்தான், எல்லாம் மின்சாரம். 750 வோல்ட், மூன்று ஃபேஸ். முன்பு வண்டியின் இரு முனையிலும் ஜெனரேட்டர் பெட்டி இரைந்துகொண்டு வரும். இப்போது பெரும்பாலும் மேலே போகிற கம்பியில் இருந்து எஞ்சின் வழியாகவே வருகிறது. பாய்லர், சூடு ஆறாமல் வைக்கும் பெட்டி, ஃப்ரீசர் எல்லாம் அதில் ஓடும். அதனால்தான் அதற்கு ஹாட் பஃபே கார் என்று பெயர். பெயரிலேயே விஷயம் இருக்கிறது, கவனியுங்கள். வெளியே சமைத்ததைச் சூடாக வைத்துக் கொடுக்கிற பெட்டி அது, சமைப்பதற்கு என்று கட்டியது இல்லை.

கேஸை ஏன் எடுத்தார்கள் என்று யாராவது கேட்டால், மதுரையை நினைத்துக்கொள்ளுங்கள். 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலை, நின்றுகொண்டிருந்த சுற்றுலாப் பெட்டியில் விதியை மீறிக் கொண்டுவந்த சிலிண்டரில் டீ போட்டிருக்கிறார்கள். ஒன்பது பேர் போய்விட்டார்கள். அது பேண்ட்ரி கார் இல்லை, பயணிகள் பெட்டிதான். ஆனால் ரயில் பெட்டிக்குள் நெருப்பு என்றால் என்ன என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

ஆறுமணி_காப்பி
இத்தனை நாள் இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வால்டாக்ஸ் அண்ணன் எழுதியதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. நான் ஆறு வருடம் பேண்ட்ரியில் வேலை செய்தவன். எந்த வண்டி, யாரிடம் என்பதைச் சொல்லமாட்டேன், விதியும் அதுதான்.

வெல்டர் ஐயா சொன்னது சரி. சாப்பாடு பேஸ் கிச்சன் என்கிற வெளிச் சமையல்கூடத்தில் செய்து ஸ்டேஷனில் ஏற்றுவது. 2017 கொள்கையிலேயே சமைப்பதையும் பரிமாறுவதையும் பிரித்துவிட்டார்கள். உள்ளே நாங்கள் செய்தது டீ, காப்பி, சூப், ஆம்லெட், அவசரத்துக்குச் சாதம். மற்றதெல்லாம் சூடு பண்ணி டப்பாவில் அடைப்பது.

எனக்குச் சம்பளம் என்று பேருக்கு ஒன்று உண்டு. உண்மையான வருமானம் விற்றதில் கமிஷன். காலையில் டீ கேன் என் கையில் வரும்போதே அது என் கணக்கில் ஏறிவிடும். விற்காமல் திரும்பினால் என் நஷ்டம். தண்ணீர்ப் பெட்டிக்கும் அதே கதை. சாப்பாட்டை மேனேஜர் எங்களுக்கு ஒரு விலை போட்டுக் கொடுப்பார். அந்த விலையே 80ஐத் தொட்டுக்கொண்டு இருக்கும். நான் 80க்கு விற்றால் எனக்கு ஒன்றும் இல்லை. நூறு என்று சொன்னால்தான் வீட்டுக்கு அனுப்பக் காசு.

மேனேஜரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. டெண்டரில் யார் அதிக லைசென்ஸ் கட்டணம் கட்டுகிறாரோ அவருக்கு வண்டி. மேலே கட்டணம் ஏறிக்கொண்டே போகும், கீழே சாப்பாட்டு விலை 80இல் ஆணி அடித்து நிற்கும். நடுவில் இருப்பது பருப்பு. அண்ணன் துழாவின பருப்பு எங்கே போனது என்றால், கட்டணத்தில் போனது.

தூங்குவது பேண்ட்ரியிலேயே, அரிசி மூட்டைக்கும் தண்ணீர்ப் பெட்டிக்கும் நடுவில். விடியற்காலை மூன்றரைக்கு எழுந்தால்தான் ஐந்து மணிக்குக் காப்பி. “காப்பி காப்பி” என்று கத்தி எழுப்புகிறோம் என்று எல்லோரும் திட்டுவீர்கள். கத்தாமல் போனால் யாரும் வாங்குவதில்லை, நானே ஒரு நாள் முயற்சி பண்ணிப் பார்த்தேன்.

2020 மார்ச்சில் வண்டி நின்றது, நான் ஊருக்கு வந்தேன். சமைத்த சாப்பாடு எல்லா வண்டிக்கும் முழுதாகத் திரும்பியது 2022 பிப்ரவரியில். இரண்டு வருடம் யார் காத்திருப்பார்கள்? இப்போது அம்பத்தூரில் ஒரு கேன்டீனில் இருக்கிறேன். தரை ஆடுவதில்லை.

63 சார், உங்கள் அப்பாவுக்கு என்றால் இதைச் செய்யுங்கள். காலையில் முதல் சுற்றிலேயே இட்லி வாங்கிவிடுங்கள், ஒன்பது மணிக்கு மேல் வருவது மிச்சம். சட்னியைத் தொடவேண்டாம். பிரெட் ஆம்லெட் பயமில்லாமல் வாங்கலாம், அது கேட்ட பிறகுதான் போடுவது. பிரெட்டைக் குறைத்துக்கொண்டு இரண்டு முட்டையாகக் கேளுங்கள். மதியம் “மீல்ஸ்” என்று சொல்லாதீர்கள், “ஸ்டாண்டர்டு மீல்ஸ்” என்று சொல்லுங்கள். அந்தச் சொல் தெரிந்தவரிடம் நாங்கள் விலையை ஏற்றுவதில்லை. சந்தேகம் இருந்தால் எழுந்து பேண்ட்ரிக்கு நடந்து போய் நின்று பாருங்கள். யாரும் தடுக்க மாட்டார்கள். பயணி ஒருவர் வந்து நிற்கிறார் என்றாலே கரண்டி கொஞ்சம் சுத்தமாகும்.

வால்டாக்ஸ்_வாசி
தம்பி, எழுதியது நன்றாக இருக்கிறது. ஆனால் உங்கள் கமிஷன் கணக்கை நான் ஏன் கட்டவேண்டும்? என் டிக்கெட்டுக்கு நான் காசு கொடுத்தாயிற்று. 2017இல் அரசுக் கணக்குத் தணிக்கைத் துறையான சிஏஜி 74 ஸ்டேஷன், 80 வண்டிகளில் போய்ப் பார்த்துவிட்டு மனிதர் சாப்பிடத் தகாத உணவு என்று எழுதினார்கள். அதுவும் கமிஷனா? அப்போது நம் சென்ட்ரலுக்கும் ஐதராபாத்துக்கும் ஓடிய சார்மினார் எக்ஸ்பிரஸில் டீ கேன் கழிவறையில் இருந்து வெளியே வந்த வீடியோ 2018இல் ஊரெல்லாம் சுற்றியது. ஒப்பந்தக்காரருக்கு 1 லட்சம் அபராதம். கழிவறைத் தண்ணீருக்குமா லைசென்ஸ் கட்டணம் காரணம்?

ஆறுமணி_காப்பி
இல்லை அண்ணா. அதற்கு நியாயம் இல்லை. அந்த வீடியோ வந்த வாரம் எங்கள் வண்டியில் ஒரு கேன் கூடக் காலியாகவில்லை. எல்லாம் எங்கள் கணக்கில் ஏறியது.

கூடூர்_எலுமிச்சை
வண்டிச் சாப்பாட்டுப் பொறுப்பை 2010இல் ரயில்வேயின் உணவு, டிக்கெட் நிறுவனமான ஐஆர்சிடிசியிடம் இருந்து பிடுங்கி மண்டல ரயில்வேக்களிடம் கொடுத்தார்கள். 2017இல் திரும்ப ஐஆர்சிடிசியிடமே கொடுத்தார்கள். ஒப்பந்தத்தின் கணக்கு மட்டும் மாறவில்லை. கட்டணத்தை வைத்து ஏலம் விடுவதற்குப் பதில், சாப்பாட்டின் தரத்தை வைத்து விட்டிருந்தால் அப்போதே பாதி சரியாகியிருக்கும் என்பது என் எண்ணம்.

மூர்மார்க்கெட்_ராணி
விவாதத்துக்கு நடுவில் ஒரு பெண்பிள்ளை சொல்வதையும் கேளுங்கள். இரண்டு குழந்தைகளோடு வருடத்துக்கு இரண்டு தடவை போபால் போகிறவள் நான், வீட்டுக்காரருக்கு அங்கே வேலை. பேண்ட்ரியில் வெந்நீரும் டீயும் மட்டும் வாங்குவேன். மற்றது இ-கேட்டரிங். பிஎன்ஆர் போட்டு ஐஆர்சிடிசி செயலியிலேயே ஆர்டர் செய்தால், வழியில் இருக்கிற ஹோட்டல்காரர் இருக்கைக்கே கொண்டுவந்து கொடுப்பார். டெல்லிப் பக்கம் போகிற ராத்திரி வண்டி என்றால் மதியத்துக்கு நாக்பூர், இரவுக்கு போபால் பெரிய ஸ்டேஷன்கள், கடைகள் நிறைய. ரொட்டியும் பருப்பும் தயிரும் போதும், உங்கள் அப்பாவுக்கு அதுதான் நல்லதும்.

ஒரே சிக்கல், வண்டி தாமதமானால் சாப்பாடும் தாமதம். போன தடவை மதியச் சாப்பாடு மாலை நாலரைக்கு வந்தது. பெரியவன் அழுதே தூங்கிவிட்டான். அதனால் கையில் ஏதாவது இல்லாமல் இதை மட்டும் நம்பாதீர்கள்.

வார்டு_நம்பர்_7
நர்ஸ். தாமதம் என்ற சொல்லைப் பார்த்ததால் எழுதுகிறேன். 63 சார், ஆர்டர் எடுக்கிற பையன் “பத்து நிமிஷம்” என்றால் அதை நம்பி அப்பாவுக்கு ஊசி போட்டுவிடாதீர்கள். சாப்பாடு கையில் வந்த பிறகு போடுங்கள். எந்த இன்சுலின் என்பதைப் பொறுத்து இடைவெளி மாறும், கிளம்புவதற்கு முன் அவருடைய டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்து கைப்பையில் இருக்கட்டும், சீட்டுக்கு அடியில் தள்ளுகிற பெட்டியில் வேண்டாம். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று. வியர்த்தால், கை நடுங்கினால் முதலில் அது, பிறகு சுகர் பார்க்கலாம்.

2022 நவம்பரில் சர்க்கரைக்காரர், குழந்தைகள், சிறுதானியம் கேட்பவர் எல்லோருக்கும் ஏற்றபடி உணவுப் பட்டியலை மாற்றிக்கொள்ள ஐஆர்சிடிசிக்கு ரயில்வே வாரியம் அனுமதி கொடுத்தது. கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் இங்கே வந்து எழுதுங்கள், நாங்களும் பார்க்கிறோம்.

டிபன்கேரியர்
நான் முதலிலேயே சொன்னேன்.

ஜெனரல்_கோச்
எல்லோரும் ஏசியில் இருந்தே பேசுகிறீர்கள். முன்பதிவில்லாத பெட்டியில் பேண்ட்ரிப் பையன் உள்ளே நுழையவே முடியாது, நிற்கவே இடமில்லை. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் நம் ஊரில் கட்டட வேலை செய்துவிட்டு அசாம், பீகார், ஒடிசா என்று சொந்த ஊர் போகிறவர்கள். அவர்களுக்கு வண்டி நிற்கிற ஐந்து நிமிடம்தான் சாப்பாட்டு நேரம்.

இப்போது சில ஸ்டேஷன்களில் ஜெனரல் பெட்டி நிற்கிற இடத்துக்கு நேராகவே 20 ரூபாய்ச் சாப்பாட்டுக் கவுன்ட்டர் வைத்திருக்கிறார்கள். ஏழு பூரி, உருளைக்கிழங்கு, ஊறுகாய். சென்ட்ரலில் ஏற்றிவிடப் போனபோது வாங்கிச் சாப்பிட்டேன், நன்றாகவே இருந்தது. இந்த இழையில் பேசுகிற எல்லாவற்றையும் விட எனக்கு அதுதான் உருப்படியாகத் தெரிகிறது.

சைடுலோயர்_63
போய் வந்தாயிற்று. இவ்வளவு எழுதினவர்களுக்கு நடந்ததைச் சொல்லவேண்டும் இல்லையா.

ஏறியதும் அப்பா ஜன்னலைத் திறக்கப் பார்த்தார். கொஞ்ச நேரம் என்னோடு பேசவில்லை.

காலையில் முதல் சுற்றில் இட்லி வாங்கினோம், சூடாகவே இருந்தது. 40 ரூபாய்தான் கேட்டார்கள். சட்னியைத் தொடவில்லை. தட்டு வந்த பிறகுதான் ஊசி, வார்டு மேடத்துக்கு நன்றி. வண்டி ஒன்றேகால் மணி நேரம் தாமதம், ஆகவே நாக்பூர் ஆர்டரும் தள்ளிப்போனது. அந்த இடைவெளியில் புளிச்சோறு கொஞ்சம், கூட ஒரு அவித்த முட்டை. டிபன்கேரியர் சார், நீங்கள் ஜெயித்தீர்கள்.

இரவுக்கு “ஸ்டாண்டர்டு மீல்ஸ்” என்று சொன்னேன். பையன் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்துவிட்டு “எண்பது சார்” என்றான். பில்லும் வந்தது! சர்க்கரைக்காரருக்குத் தனியாக ஏதாவது உண்டா என்றதற்கு, “சாதத்தைக் குறைத்துத் தரட்டுமா?” என்று கேட்டான். பட்டியலில் இருப்பதை விட அது நல்ல பதில். தண்ணீர் மட்டும் ரயில் நீர் இல்லை, ஏதோ கேள்விப்படாத பெயர், 20 ரூபாய். 139க்கு எழுதினேன். அரைமணி நேரத்தில் போன் வந்தது, அடுத்த ஸ்டேஷனில் ஒருவர் வந்து பாட்டிலைப் படம் எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அந்தப் பையன் எங்கள் பெட்டிப் பக்கமே வரவில்லை. அப்பாவுக்கு டீ வேண்டியிருந்தது. நானே பேண்ட்ரிக்கு நடந்துபோய் வாங்கிவந்தேன். ஆறுமணி காப்பி தம்பி, கரண்டி சுத்தமாகத்தான் இருந்தது.

மூர்மார்க்கெட்_ராணி
அந்தப் புளிச்சோறு மறுநாள் மதியம் வரை கெடாமல் இருந்ததா? உங்கள் வீட்டம்மாவிடம் பக்குவம் கேட்டு எழுதுங்கள் சார்.

சைடுலோயர்_63
வீட்டம்மா இல்லை மேடம், அப்பா செய்தது. அம்மா போன பிறகு அவர்தான் சமையல். நல்லெண்ணெய் நிறைய, சாதத்தை நன்றாக ஆறவைத்துக் கிளறவேண்டுமாம். மீதியை நான் கேட்டால் சொல்லமாட்டார், இன்னும் ஜன்னல் கோபம் போகவில்லை.